கொடைக்கானல் சீமை அல்ல. மதுரையின் மொட்டை மாடி!

கத்திரி வெயில் பிறந்தால் மதுரைக்காரர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலுக்குப் பெயர், "கொடைக்கானல் போவோமா?"

டவுன்ஹால் ரோட்டு டீக்கடையில் ஒருவர் சும்மா கேட்பார். மாலைக்குள் அது கீழமாசி வீதி பலசரக்குக் கடை வரைக்கும் பரவிவிடும். மறுநாள் ஆபீசில் பாதிப் பேர் லீவு! மீதிப் பேர், லீவு போட்டவர்களைத் திட்டிக்கொண்டே அடுத்த வாரத்துக்கு வேன் பேசிக்கொண்டிருப்பார்கள்.

போகட்டும். யார் வேண்டாம் என்றது? 100 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிற ஊரில், கல்லாப்பெட்டி முன்னாலும் பைல் கட்டு நடுவிலும் வருஷம் பூராவும் வேகிறவன் இரண்டு நாள் குளிருக்கு ஆசைப்படுவது குற்றமா? குற்றமே இல்லை. எப்படிப் போகிறான், போன இடத்தில் என்ன செய்கிறான் என்பதில்தான் கோளாறு.

ஒரு சாதாரண மதுரைக் குடும்பத்தின் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

12 சீட்டு, 17 பேர்

ஜவுளிக்கடைக் கணக்கர் ஒருவர். அவருடைய சம்சாரம், பிள்ளைகள், மச்சினன் குடும்பம், பக்கத்து வீட்டுக் குடும்பம். "நான் எதுக்குப்பா அந்தக் குளிருக்கு?" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக ஏறி ஜன்னல் ஓரத்தைப் பிடித்துவிட்ட அப்பத்தா. வேனில் 12 சீட்டு. ஏறியவர்கள் 17 பேர்!

"சின்னப் பிள்ளைங்களை எல்லாம் ஆளா எண்ணக் கூடாது தம்பி" என்று டிரைவரைச் சமாதானம் செய்தாகிவிட்டது.

"காலையில 4 மணிக்கு ஷார்ப்பா கிளம்பணும்" என்று உத்தரவு போட்டவர் கணக்கர். ஷார்ப்பாக 7 மணிக்குக் கிளம்பினார்கள். புளியோதரை ஒரு அண்டா, தயிர்சாதம் ஒரு தூக்கு, முறுக்கு ஒரு டின், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் 24.

சமயநல்லூர், வாடிப்பட்டி தாண்டியாயிற்று. கொடைரோடு போர்டைப் பார்த்ததும் மச்சினன் துள்ளி எழுந்தார். "அத்தான், கொடைக்கானல் வந்துருச்சு!" சொன்னதோடு நிற்காமல் ஸ்வெட்டரையும் மாட்டிவிட்டார்.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, இது கொடைரோடு. ரெயில்வே ஸ்டேஷன் இருக்கிற ஊரு. கொடைக்கானலுக்கு இங்கேயிருந்து 80 கிலோமீட்டர். ஸ்வெட்டரைக் கழட்டுங்க, உங்களைப் பார்த்தா எனக்கு வேர்க்குது!"

வத்தலக்குண்டில் காபி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். அந்த மண்ணில் நம்மவர்களும் ஒரு போராட்டம் நடத்தினார்கள். வேனில் முன் சீட்டு யாருக்கு என்ற போராட்டம்!

மலைப்பாதை ஆரம்பித்தது. டம் டம் பாறையில் நின்றால் எதிர் மலையில் தலையாறு அருவி தெரியும். எலிவால் மாதிரி மெல்லிசாக, 900 அடிக்கு மேல் உயரம். வேனில் ஒருவரும் பார்க்கவில்லை. பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேர் பாலிதீன் பையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போனுக்குத்தான் உயிர் இல்லை!

சோதனைச் சாவடியில் வேன் நின்றது. "இ-பாஸ் இருக்கா?"

ஐகோர்ட்டு உத்தரவின் பேரில், 2024 மே 7-ந்தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வரம்பும் கட்டினார்கள். வார நாட்களில் ஒரு நாளைக்கு 4 ஆயிரம் வண்டி, சனி-ஞாயிறு 6 ஆயிரம் வண்டி.

கணக்கர் ஒழுங்கானவர். பாஸ் எடுத்திருந்தார். ஆனால் அது மச்சினன் போனில் இருந்தது. அந்தப் போன் மதுரையில் இருந்து ஜன்னலைப் படம் பிடித்தபடியே வந்து, கடைசி வளைவில் கண்ணை மூடிவிட்டது.

"பாஸ் இருக்கு சார். போனுக்குத்தான் உயிர் இல்லை!"

போனுக்கு உயிர் வருகிற வரைக்கும் பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் கச்சேரி நடத்தின. அதற்குள் 24 பாட்டில்களும் கண்ணில் பட்டுவிட்டன. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய். கணக்கர் கணக்குப் போட்டார். 480 ரூபாய்! "தண்ணி விலையைவிட தண்டம் ஜாஸ்தியா இருக்கே!" என்று முனகினார்.

தங்கிய இடத்துக்குச் சீமைக் கோட்டை ஒன்றின் பெயர். சுவர் பூராவும் சுவிட்சர்லாந்து படம். கணக்கர் கேட்ட முதல் கேள்வி, "ரூம்ல ஹீட்டர் இருக்கா?" வெயிலுக்குப் பயந்து ஓடிவந்த மனுஷன்! இரண்டாவது கேள்வி, "சுடுதண்ணி வருமா?" மூன்றாவது, "பக்கத்துல நம்ம ஊர் பரோட்டா கிடைக்குமா?" ஜிகர்தண்டாவை மட்டும்தான் கேட்கவில்லை.

மறுநாள் தூண் பாறை. 400 அடி உயரப் பாறைகள். மேகம் வந்து மூடிக்கொண்டது. இரண்டு மணி நேரம் நின்றும் வெள்ளை தவிர ஒன்றும் தெரியவில்லை. மச்சினன் அந்த வெள்ளையையும் விடாமல் வீடியோ எடுத்தார்.

அப்பத்தா சொன்னார்: "இதுக்கு வீட்லயே சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கலாம். போன பொங்கலுக்குத்தான சுண்ணாம்பு அடிச்சோம்!"

அடுத்து குணா குகை. 1991-ல் வந்த 'குணா' படத்தால் பெயர் வாங்கிய இடம். 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு கூட்டம் கேட்கவே வேண்டாம். அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியதில் பாதி நாள் போயிற்று.

மூன்றாம் நாள் காலை தங்கிய இடத்தில் குழாயில் காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றது.

அப்பத்தா வெளியே வந்து பார்த்தார். "ஏப்பா, மலை உச்சியிலயும் தண்ணி லாரியா?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.

வேடம் கட்டிய மலை

கொடைக்கானலை நம்மவர்கள் ஒரு சீமையாக நினைக்கிறார்கள். அந்த வேடத்தைக் கட்டிவிட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். அதிலும் பாதி வேடம் மதுரையில் இருந்து போனது!

1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து மலையேறி இரண்டு பங்களா கட்டினார்கள். அப்போது ஏது ரோடு? பெரியகுளம் பக்கத்தில் இருந்து செங்குத்துப் பாதை. துரைமார்கள் நாற்காலியில் போவார்கள். நாற்காலி கூலியாட்கள் தோளில் போகும்.

ஊருக்கு நடுவே நட்சத்திரம் மாதிரி இருக்கிற ஏரியும் இயற்கை ஏரி இல்லை. 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை கரை கட்டி உண்டாக்கியது. அதில் விடுவதற்குத் தூத்துக்குடியில் இருந்து படகு போயிற்று. 1872-ல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பில் நடைபாதை போட்டார். யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. பைன் காடும் மனிதர்கள் நட்டதுதான்.

குளிர் மட்டும் சொந்தச் சரக்கு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி. கணக்கருக்கு இந்தக் கணக்கு புரியும்.

1985-ல் திண்டுக்கல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, அது சீமையும் இல்லை, சுவிட்சர்லாந்தும் இல்லை. மதுரை வீட்டின் மொட்டை மாடி. வெக்கை தாங்காதபோது பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போகிறோமே, அந்த மொட்டை மாடி!

மொட்டை மாடியில் இன்னொன்றும் இருக்கும். தண்ணீர்த் தொட்டி.

தொட்டி எங்கே?

வைகைக்குப் பெரும் பங்கு தண்ணீர் வருசநாட்டு மலையில் இருந்தும், பெரியாறு அணையில் இருந்தும் வருகிறது. ஆனால் கொடை மலையும் இதில் ஒரு பங்காளி. யாரும் நின்று பார்க்காத அந்தத் தலையாறு அருவி மஞ்சளாற்றுத் தண்ணீர். கும்பக்கரையில் குளிக்கிறோமே, அது பாம்பாற்றுத் தண்ணீர். இரண்டும் இறங்கிப் போய்ச் சேருகிற இடம் வைகை.

இந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது யார்? மலையில் உள்ள சோலைக்காடும் புல்வெளியும். மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். புல்வெளியை அழித்து வெளிநாட்டு மரங்களை நட்டதில் அந்தப் பஞ்சு ஏற்கனவே பாதி போயிற்று. மீதியைக் கட்டிடமும் குப்பையும் மூடினால் தொட்டி வறண்டுதானே போகும்?

இன்னொரு வேடிக்கை. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கொஞ்ச தூரம் ஓடி, வெள்ளி அருவியாக 180 அடி கீழே விழுகிறது. மேலே ஏரிக்கரையில் தின்றுவிட்டு இலையையும் கப்பையும் வீசுகிறார்கள். இறங்கும்போது அதே தண்ணீர் முன்னால் நின்று, "பளிங்கு மாதிரி இருக்கு பாருங்க" என்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்!

பஸ்ஸுக்குப் பாஸ் கிடையாது

"இ-பாஸ் கெடுபிடி" என்று சிலர் கோபப்படுகிறார்கள். மலையில் கடை வைத்திருப்பவர்கள், டாக்சி ஓட்டுகிறவர்கள் வயிற்றுப்பாடு என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சீசனில் சம்பாதித்து வருஷம் பூராவும் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்.

ஆனால் கொடைக்கானலை மூச்சுத் திணற வைப்பது ஆட்கள் மட்டும் இல்லை. அவர்கள் ஏறி வருகிற வண்டிகள். ஒரு பஸ்ஸில் 50 பேர் போகலாம். அதே 50 பேர் காரில் போனால் பத்துப் பன்னிரண்டு கார். வெள்ளி அருவி முன்னால் அத்தனை காரும் வரிசை கட்டி நின்றால், அவசரத்துக்குக் கீழே இறங்குகிற ஆம்புலன்சுக்கு வழி ஏது? அதில் படுத்திருப்பவர் அந்த மலையில் பிறந்தவராக இருப்பார். சுற்றுலா முடிந்து அவர் எங்கே திரும்பிப் போவார்?

அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையே இல்லை. ஆரப்பாளையத்தில் ஏறினால் நேராகக் கொடைக்கானல். போன் சார்ஜ் பற்றிக் கவலை வேண்டாம். முன் சீட்டுச் சண்டையும் குறையும்.

அதிகாரிகளும் வரம்பு கட்டியதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. சீசனுக்குக் கூடுதல் பஸ் விட வேண்டும். மலையடிவாரத்தில் வண்டிகளை நிறுத்த இடம் ஒதுக்கி, அங்கிருந்து மேலே பஸ்ஸில் கொண்டுபோனால் என்ன? மேலே ஊருக்குள் சுற்றுவதற்குச் சின்ன பஸ் விட்டால் என்ன? நின்று ஏற வேண்டிய பஸ்ஸைக் காட்டிவிட்டு, "கார் வேண்டாம்" என்றால் பிள்ளைகுட்டிக்காரன் எப்படிக் கேட்பான்?

ஜனங்களும் மே மாதத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். பள்ளிக்கூட லீவு இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை, சரி. மற்றவர்கள் ஏன் அதே சனி-ஞாயிறில் முண்டியடிக்க வேண்டும்? வார நாளில் போனால் கூட்டமும் குறைவு, அறை வாடகையும் குறைவு. கொண்டுபோன பாலிதீன் பையை அதே வேனில் கீழே கொண்டுவர ஒரு பைசா செலவில்லை.

பூண்டும் சாக்லேட்டும்

கணக்கர் குடும்பம் ஒரு வழியாக இறங்கியது. ஆளுக்கொரு பை நிறைய சாக்லேட். அப்பத்தா மட்டும் இரண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கி மடியில் வைத்திருந்தார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வேனில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார்கள்.

வாடிப்பட்டி வருவதற்குள் சாக்லேட் எல்லாம் குழம்பாகிவிட்டது. பூண்டு அப்படியே இருந்தது!

வேடம் கட்டிய சரக்கு வெயிலில் உருகும். மலையில் விளைந்த சரக்குதான் வீடு வந்து சேரும். மலைத் தண்ணீரும் அப்படித்தான். விட்டுவைத்தால் மதுரை வரைக்கும் வந்து சேரும்.

மொட்டை மாடிக்குப் போங்கள். பாய் விரியுங்கள். காற்று வாங்குங்கள். பிள்ளைகளுக்கு நிலாச் சோறு ஊட்டுங்கள். ஆனால் சாப்பிட்ட கையைத் தொட்டிக்குள் விட்டுக் கழுவாதீர்கள். கீழே இறங்கி வந்து குழாயைத் திறந்தால், நம் வீட்டுக்கு வருவது அந்தத் தண்ணீர்தான்!