அடிபட்ட ஆமையைக் குளத்தில் விடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

மழை இறங்கியதும் நம் பழனிப் பக்கத்துச் சாலைகளில் ஆமைகள் அடிபடத் தொடங்கிவிடும். போன வாரம் பழைய மாணவர் ஒருவர், தாராபுரம் சாலையோரம் ஓடு விரிசல் விட்டுக் கிடந்த ஓர் ஆமையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், பக்கத்துக் குளத்துல விட்டுடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன். நம் ஊரில் இரக்கத்துக்குக் குறைவில்லை. விவரம் தெரியாத இரக்கம்தான் பல ஆமைகளைக் கொல்கிறது என்பது என் கருத்து.

முதலில் ஓட்டைப் பற்றி. நத்தை ஓடு மாதிரி அதை நினைத்துக்கொள்கிறோம். ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் அந்த மேல் ஓடு. அதில் ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது, வலியும் தெரியும். அதற்கு நேர் கீழேதான் நுரையீரல். அதனால் ஓடு உடைந்தது என்றால் எலும்பு முறிந்தது என்று பொருள். அந்த நிலையில் தண்ணீரில் விட்டால், விரிசல் வழியே அழுக்கு நீர் உள்ளே போகும். தலையைத் தூக்கி மூச்சுவிடத் தெம்பில்லாமல் மூழ்கியும் போகும். ஆமைக்கும் நம்மைப்போல் காற்றுதான் மூச்சு.

இன்னொன்று, எல்லா ஆமையும் தண்ணீர் ஆமை இல்லை. முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் உள்ள நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது. நீந்தத் தெரியாது. அதைக் கிணற்றில் போடுவது கொலைக்குச் சமம்.

விரிசலில் ஃபெவிக்விக், எம்சீல் வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கிருமியை உள்ளே வைத்துப் பூசுவதுதான் அது. மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கால்நடை மருத்துவர் காயத்தைக் கழுவி, மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் கம்பி போட்டு ஓட்டைச் சேர்ப்பார். ஆற மாதக்கணக்கில் ஆகும், ஆனால் ஆறும். அசையவில்லை என்பதால் செத்துவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆமையின் உடல் இயக்கம் மிக மெதுவானது.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் உங்கள் வண்டியை ஓரங்கட்டுங்கள், உங்கள் உயிர் முக்கியம். இரண்டு பக்கமும் ஓட்டைப் பிடித்துத் தூக்குங்கள், வாலைப் பிடிக்கக் கூடாது. நம் குளத்து ஆமைக்குக் கழுத்து நீளம், திரும்பிக் கடிக்கும். அதனால் பின்பக்கமாகப் பிடியுங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, நிழலில் வையுங்கள். சோறு, கீரை, தண்ணீர் எதுவும் தர வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்டெடுத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், குணமானதும் அங்கேயேதான் விட வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். அடிபடாமல் சாலையைக் கடக்கும் ஆமை என்றால், அது போகிற திசையிலேயே மறுபக்கம் கொண்டுபோய் விட்டால் போதும். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடியும் சாலைக்கு வரும்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசையும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குளத்து ஆமையும் நட்சத்திர ஆமையும் முதல் அட்டவணையில் உள்ளவை. அரசுச் சொத்தான காட்டு உயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு கூட்டம் விரட்டுகிறது. தொட்டியில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று இன்னொரு கூட்டம் காசு கொடுத்து வாங்குகிறது. சென்னை விமான நிலையத்தில் நட்சத்திர ஆமைகள் பிடிபடும் செய்தியைப் படித்திருப்பீர்கள். இரண்டு நம்பிக்கையிலும் நஷ்டம் ஆமைக்குத்தான்.

"மனுஷனுக்கே நேரத்துக்கு ஆம்புலன்ஸ் வர்றதில்ல, ஆமைக்கா?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு அட்டைப்பெட்டிக்கும் ஒரு போனுக்கும் அரை மணி நேரம்தான் செலவு. எந்த மனிதருடைய பங்கையும் அது பறிப்பதில்லை. குஞ்சுகளில் பெரும்பாலானவை பெரிதாகும் முன்பே செத்துப்போகும். தப்பி வளர்ந்த ஒரு பெண் ஆமை பல ஆண்டுகள் முட்டையிடும். அது லாரிச் சக்கரத்தில் போனால் பல வருஷத்துக் குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேல் கடலாமைகள் செத்து ஒதுங்கியபோது பத்திரிகைகள் எழுதின, தீர்ப்பாயம் கேள்வி கேட்டது. சாலையில் ஒன்றொன்றாகச் சாகும் குளத்து ஆமைக்குச் செய்தியும் கிடையாது, வழக்கும் கிடையாது.

குளம் வற்றினால் சேற்றில் புதைந்து கிடக்கும், இல்லையேல் அடுத்த குளம் தேடி நடக்கும். இது அதன் பழைய வழி. நடுவில் நான்குவழிச் சாலை போட்டது நாம். நமக்கு முழங்கால் உயரச் சென்டர் மீடியன், அதற்கு ஏற முடியாத மதில். குளங்களை ஒட்டிச் சாலை போடும்போது அடியில் ஒரு அகலக் குழாய்ப்பாதை வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதும் நம் கடமைதான்.

உங்களில் லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். ஆசிரியர்கள் இதை வகுப்பில் பத்து நிமிடம் சொல்லுங்கள். குளத்தில் விடாதே என்ற ஒரு வார்த்தையைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டால், வீட்டில் பெரியவர்களை அவர்களே திருத்திவிடுவார்கள்.