செல்லரித்த ஏடும் புதுக்காத தளமும்

கல்லூரிகளும் கழகங்களும் தத்தமக்கென ஓர் இணையத்தளம் அமைத்துக்கொள்ளுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. தளம் தொடங்கும் நாளில் விழா எடுக்கிறோம். பெரியவர் ஒருவர் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைக்க, அவையோர் கைகொட்டி மகிழ்கின்றனர். அதன்பின் அத்தளத்தைத் தாங்கி நிற்கும் மென்பொருளைக் குறித்து வினவுவார் ஒருவருமிலர். ஓட்டு வீடு கட்டினோர் மழைக்குமுன் ஓடு மாற்றுவர்; தோட்டம் இட்டோர் களை பறிப்பர். தளம் அமைத்தோர் மாத்திரம் அஃது ஒருமுறை அமைந்தால் என்றும் நிற்கும் என்று கருதி வாளாவிருத்தல் வியப்பன்றோ? தளத்தின் மென்பொருளைக் காலந்தோறும் புதுக்குதல் வேண்டும் என்பதும், அது கணினி கற்றார்க்கே உரிய தொழிலென்று ஒதுக்கத்தக்கதன்று, தமிழ் கற்பார்க்கும் உரிய கடமை என்பதும் இக்கட்டுரையில் யாம் கூறப்புகுந்தவை.

வலைப்பதிவு மென்பொருள் இயங்கும் முறையை முதலிற் சுருங்கக் கூறுவாம். நாம் திரையிற் காணும் கட்டுரைப் பக்கம் அவ்வடிவிலேயே ஓரிடத்தில் எழுதிவைக்கப்பட்டதன்று. எழுத்துகள் தரவுத்தளம் என்னும் பெட்டகத்துள் கிடக்கின்றன. பக்கத்தின் தோற்றம் வார்ப்புரு என்பதில் உள்ளது. படவரிசை காட்டுதல், வருகையாளரை எண்ணுதல் முதலிய சிறுதொழில்களைச் செருகுநிரல்கள் செய்கின்றன. இவற்றையெல்லாம் ஒன்றுகூட்டிப் பக்கமாக்கித் தருவது பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட நிரல். அந்நிரலை ஓடச்செய்வது எங்கோ இருக்கும் வழங்கி. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு மக்களால் வெவ்வேறு காலத்தில் மாற்றப்படுவன. ஒன்று மாறி, அதனோடு பொருந்த மற்றொன்று மாறாதொழியின், பக்கம் தோன்றாது. நோய் முழுவதற்கும் முதல் இதுவே.

இத்தகைய மென்பொருள்களுள் இன்று பெருவழக்காயிருப்பது வேர்ட்பிரஸ். அதன் பிறப்பே நம் பொருளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 2001ஆம் ஆண்டில் மிஷெல் வால்திரிகி என்பார் பி2 என்னும் மென்பொருளை இயற்றினார். ஈராண்டுக்குள் அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. அதனைக்கொண்டு எழுதிவந்த மாட் மல்லன்வெக் என்னும் அமெரிக்க மாணவர், இனித் தம் எழுத்தின் நிலை யாதாகும் என்று கவன்று, இங்கிலாந்தினராகிய மைக் லிட்டில் என்பாருடன் கூடி, அப்பழைய நிரலையே அடியாகக்கொண்டு, 2003ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் வேர்ட்பிரஸின் முதற்பதிப்பை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு அகவை 19. எம் வகுப்பில் அமர்ந்திருப்போர் பலர்க்கும் அகவை அதுவே. பிறர் எடுத்துத் திருத்தலாம் என்னும் உரிமத்துடன் பழைய நிரல் வெளியிடப்பட்டிருந்தமையாலன்றோ இது கைகூடிற்று! எனவே இம்மென்பொருள் தோன்றியதே, புதுக்குவாரின்றிக் கிடந்த ஒன்றைப் புதுக்கவேண்டும் என்னும் முயற்சியால் என்க.

நிற்க. “ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொடவேண்டும்?” என்று வினவுவார் பலர். தளம் ஓடுவது நம் வலியால் அன்று. அது நிற்கும் நிலத்தின் வலியால். அந்நிலமோ நம்மைக் கேட்டு அசைவதன்று. தரவுத்தளத்தோடு பேசுதற்குப் பழைய நிரல்கள் கையாண்ட கட்டளைகள், 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பி.எச்.பி. 7இல் அறவே நீக்கப்பட்டன. அதற்கு முந்திய 5.6ஆம் பதிப்புக்கு 2018ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளுக்குப்பின் பாதுகாப்புத் திருத்தமும் இல்லை. ஆகவே வழங்கி உடையோர் பழையதை அகற்றுவது ஒருதலை. அகற்றிய அன்றே நம் தளம் வெற்று வெள்ளைப் பக்கமாய் நிற்கும். பிழை இன்னதென்று கூறும் ஒரு சொல்லும் அப்பக்கத்தில் இராது.

கள்வர் அச்சமும் உண்டு. வேர்ட்பிரஸ் 4.7ஆம் பதிப்பில், கடவுச்சொல் இல்லாதாரும் பிறர் கட்டுரையைத் திருத்துதற்கு இடந்தரும் ஒரு குறை இருந்தது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அதனை நீக்கும் திருத்தம் வெளிவந்தது. குறையின் விவரம் ஒரு வாரம் தாழ்த்தே வெளியிடப்பட்டது. அவ்வொரு வாரத்துள் புதுக்கியோர் தப்பினர். புதுக்காதோருடைய பல இலட்சம் பக்கங்கள் சின்னாட்களில் சிதைக்கப்பட்டன. பூட்டின் பழுது ஊரறிந்த பின்னும் பூட்டை மாற்றாதவன் திருடனை மட்டும் நோவது எங்ஙனம்?

இனி, எமது மன்றத்தின் வரலாற்றுக்கு வருவாம். நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் தளம் 2006ஆம் ஆண்டில் அக்கால மாணவர்களால் அமைக்கப்பட்டது. 2013க்குப்பின் அதன் மென்பொருளை எவரும் புதுக்கினாரல்லர். இடத்தை வாடகைக்கு அளிக்கும் நிறுவனம், பழைய பி.எச்.பி.யை அகற்றப்போவதாக மும்முறை அறிவிப்பு விடுத்ததாம். அவ்வறிவிப்புகள் கல்லூரியை விட்டுப் பல்லாண்டு கழிந்த ஒரு முன்னாள் மாணவரின், அவரே மறந்துபோன மின்னஞ்சல் முகவரிக்குச் சென்றன. சென்ற கல்வியாண்டில் ஒரு காலை, தளம் வெள்ளைப் பக்கமாயிற்று.

புதுக்க முற்பட்டபோது எதிர்ப்பட்ட முதலிடர் ஒரு முட்டுக்கட்டை. பழைய வேர்ட்பிரஸ் புதிய பி.எச்.பி.யில் ஓடாது, புதிய வேர்ட்பிரஸ் பழைய பி.எச்.பி.யில் ஓடாது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் வந்த 6.6ஆம் பதிப்பு, 7.2க்குக் கீழ்ப்பட்ட பி.எச்.பி.யை ஏற்பதில்லை. எனின், ஆற்றைக் கடப்பது எவ்வாறு? நடுவே ஒரு கல் வேண்டும். 2017ஆம் ஆண்டு நவம்பரில் வந்த 4.9ஆம் பதிப்பு இரு கரைக்கும் பொதுவானது, பழைய பி.எச்.பி.யிலும் ஓடும், 7இலும் ஓடும். ஆகவே படியெடுத்த தளத்தைத் துறையிலுள்ள ஒரு கணினியில் பழைய சூழலோடு நிறுவி, முதலில் 4.9க்கு ஏற்றி, பின்னர் பி.எச்.பி.யை மாற்றி, அதன்பின்னரே இன்றைய பதிப்புக்கு ஏற்றினோம். வார்ப்புரு கைவிடப்பட்டது. செருகுநிரல்களுட் பெரும்பாலனவற்றை இயற்றியோர் அவற்றை என்றோ துறந்திருந்தனர். இவை போயின் போகுக, ஈடு செய்யலாம். எழுத்து போயின் என் செய்வது?

இரண்டாம் இடர் எழுத்தைப் பற்றியதே. 2007ஆம் ஆண்டு மே மாதத்து 2.2ஆம் பதிப்புக்கு முன் அமைந்த வேர்ட்பிரஸ் தளங்கள் பலவற்றில், பெட்டகம் ஐரோப்பிய எழுத்துக்கென வகுத்த இலத்தீன் குறியாக்கத்தினது. உள்ளே இட்ட தமிழோ ஒருங்குறியினது. ஒருங்குறியைச் சேமிக்கும் யு.டி.எஃப். 8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் நாம் காண்பது மூன்றெழுத்து. கணினி காண்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறி, 15 பைட்டு. அவற்றை இலத்தீன் எழுத்தென்று கொண்டு படித்தால், ஒரு சொல்லுக்குப் பதினைந்து குறிகள் தோன்றும். தலையிற் கோடிட்ட ‘ஏ’யும், வட்டத்துள் ‘ஆர்’ பொறித்த வாணிகக் குறியும் வரிதோறும் மாறிமாறி நிற்கும். எம் தளத்தின் கட்டுரைகள் யாவும் முதலில் இக்கோலத்தையே காட்டின.

இக்குழப்பம் காண்பார்க்கு அச்சந் தரினும் மாற்றத்தக்கது. பைட்டுகள் கெடவில்லை, படிக்கும் முறையே பிழை. பெட்டகத்துக்கு அவை வெறும் பைட்டுகளே என்று முதலில் உணர்த்தி, பின்னர் ஒருங்குறி என்று உணர்த்தின், தமிழ் மீளும். மீளாதது வேறொன்றுண்டு. ஒருங்குறியை ஏலாத பெட்டகத்துள் தமிழை மாற்றி இடும்போது, தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஈடாகக் கணினி ஒரு கேள்விக்குறியை இட்டுவிடும். அதன்பின் பழைய எழுத்தை எவராலும் மீட்டல் ஒல்லாது. நெய்தல் நில மக்களின் வலை, தோணி, காற்று ஆகியவை பற்றிய வழக்குச் சொற்களைத் திரட்டி, 2009ஆம் ஆண்டில் ஒரு மாணவர் ஒன்பது பகுதிகளாக எழுதிய தொடர் எம் தளத்தில் இருந்தது. முன்பொருமுறை வழங்கி மாற்றியபோது, அவற்றுள் நான்கு பகுதிகள் இவ்வாறு கேள்விக்குறிகளாயின. எண்களும் காற்புள்ளிகளும் சொல்லிடைவெளியும் மாத்திரம் அப்படியே நிற்கின்றன, சொற்களில்லை. அச்சொற்களைக் கூறிய முதியவர் இன்றில்லை. இந்நான்கு பகுதிகளையும் எண்ணும்போதெல்லாம் எம் நெஞ்சம் வருந்துகின்றது.

மூன்றாம் இடர் தமிழறிந்தார்க்கே உரியது. ஒருங்குறி பரவுமுன் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகளைப் பின்னர் ஒருங்குறியாக மாற்றியோர் பலர். அவ்வெழுத்துருக்களில் ஔகாரத்தின் பிற்பாதியை ளகரமாகவே இடுவர். ஆதலின் ‘கௌரவம்’ என்பது மாற்றத்தின்பின் ‘கெளரவம்’ என்றும், ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்றும் நிற்கும். கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது, தேடினாற் கிடைக்காது. அங்ஙனமாயின் ஒற்றைக்கொம்பும் ளகரமும் வருமிடமெல்லாம் ஔகாரமாக்குக என்று கணினிக்குக் கட்டளையிடலாமோ எனின், அப்பொழுது ‘வெள்ளம்’ கெடும், ‘தெளிவு’ தெளிவிழக்கும். எது ஔகாரம், எது எகரத்தோடு ளகரம் என்பதைச் சொல்லை அறிந்தாரே துணிய வல்லார். இதற்குக் கணினித் துறையினரை நோவதில் பயனில்லை.

இப்பணி நமக்குப் புதிதுமன்று. ஓலைச்சுவடியில் புள்ளியிடும் வழக்கமில்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் தோன்றாது. ஒரு தலைமுறை எழுதிய ஏட்டை மறு தலைமுறை பெயர்த்தெழுதாதொழியின், செல்லும் இராமபாணமும் அதனை உண்டன. 1887ஆம் ஆண்டில், மிஷன் பள்ளியாகிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். அவர்கள் செய்தது ஏட்டினின்று தாளுக்கு ஏற்றிய பெரும் புதுக்கல். அவர்கட்குமுன் பெயரறியா மாணாக்கர் எத்துணையோ பேர் ஏடு பெயர்த்தெழுதியிராவிடின், அவர்கள் கைக்கு எட்டியது யாதாயிருக்கும்? ஏடு பெயர்த்தெழுதுதல் எழுதத் தெரிந்தான் ஒருவனுக்கே விட்ட கூலிவேலை அன்று. கல்வியின் ஒரு கூறு.

“இத்துணைத் தொல்லை எற்றுக்கு? பெருநிறுவனங்கள் இலவசமாய் அளிக்கும் இடத்தில் எழுதலாகாதோ?” என்பாரும் உளர். மக்கள் தம் பக்கங்களை இலவசமாய் அமைத்துவந்த ஜியோசிட்டீஸை யாஹூ நிறுவனம் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடிற்று. கூகுள் பிளஸ் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் மூடப்பட்டது. பிறர் திண்ணையில் உறங்குவோன், அவர் எழுப்பும்போது எழுந்து போதல் வேண்டும். ஆயினும் அவர் கூற்றில் ஓர் உண்மை உண்டு. எல்லாப் பக்கங்களையும் என்றும் நிரலின் வாயிலாகவே காட்டவேண்டும் என்பதில்லை. எழுதி முடிந்த பழைய ஆண்டுகளின் கட்டுரைகளைத் தரவுத்தளமும் பி.எச்.பி.யும் வேண்டாத நிலைப்பக்கங்களாக்கி வைப்பின், அவை நெடுங்காலம் தொல்லையின்றி நிற்கும். வளரும் பகுதிக்கு மட்டும் மென்பொருள் போதும். இதனை யாம் மனமுவந்து ஏற்கின்றோம்.

ஆகவே கல்லூரிக்கும் மன்றத்துக்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள் இது. தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் ஒரு மாணவர் கையிலன்றிக் கல்லூரியின் பெயரால் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் மன்றத் தேர்தலில் செயலாளரைத் தெரிந்தெடுப்பதுபோலத் தளக்காப்பாளர் இருவரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஒருவர் கணினி கற்பவர், மற்றவர் தமிழ் கற்பவர். திங்கள்தோறும் தளம் முழுவதையும் படியெடுத்து நூலகத்தில் வைத்தல் வேண்டும். அப்படியினின்று தளத்தை மீண்டும் எழுப்ப இயலுமா என்று ஆண்டுக்கொருமுறையேனும் சோதித்தல் வேண்டும். புதுப் பதிப்பை முதலில் படியில் ஏற்றிப் பார்த்து, பின்னரே தளத்தில் ஏற்றுதல் வேண்டும். சிறந்த கட்டுரைகளைத் தாளிலும் அச்சிட்டு வைத்தல் வேண்டும். விழாவுக்காகும் செலவில் ஒரு சிறுபகுதி இதற்குப் போதும். பல்லாண்டுப் பணியை ஒருங்கே செய்தல் மலையேற்றம். ஆண்டுதோறும் செய்தல் படியேற்றம்.

புதுத் திராட்சரசத்தையும் பழந்துருத்தியையும் பற்றிய உவமையைச் சிற்றாலயத்தில் பலகாற் கேட்டுளோம். நம் நிலை அதற்குச் சற்று மாறானது. நம்மிடம் இருப்பது முன்னோர் வைத்துப்போன பழைய இரசம். துருத்தியே காலந்தோறும் புதிதாதல் வேண்டும். இவ்வாண்டு நம் மலரில் எழுதும் இளைஞர் பலர் தம் எழுத்தைத் தளத்திலும் இடுவர். இருபதாண்டு கழித்து அவர்தம் பின்னோர் அதனைத் திறக்கும்போது, காண்பது தமிழாயிருத்தல் வேண்டும், கேள்விக்குறியாயிருத்தல் ஆகாது. அதற்கான உழைப்பு இன்று நம் கையில் உள்ளது. முன்னாள் மாணவர்களாகிய பெரியீர்! உங்கள் பழைய பெட்டிகளிலும் கணினிகளிலும் நெய்தற் சொற்றொடரின் எஞ்சிய நான்கு பகுதிகளுக்கு ஒரு படியேனும் கிடக்குமாயின், தமிழ்த்துறைக்கு அனுப்பி உதவுக. அவற்றை ஒவ்வோர் எழுத்தாய்ப் பெயர்த்தெழுத யாம் காத்திருக்கின்றோம்.