வழித்துணை

ஓசூர், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கருநாடக எல்லையை அடுத்து அமைந்த ஊர். ஊர்திகளும் கைக்கடிகாரங்களும் பொறியுறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே பல உள. வாரம் முழுதும் பொறிகளின் ஓசையிடையே உழைக்கும் இளைஞர்க்கு மலைமீது நாட்டம் எழுதல் இயல்பே. தெற்கே மேலகிரி மலைத்தொடர் அழைக்கின்றது. எல்லை கடந்து மேற்கே சென்றால் குடகுமலை காத்திருக்கின்றது. நண்பர் நால்வர் கூடினால், மூன்று நாள் மலைப்பயணம் எளிதில் முடிவாகிவிடுகின்றது.

அதன்பின் அவர்கள் செய்வது யாது? கடைக்குச் சென்று தோட்பை, காலணி, கம்பளி, கைவிளக்கு ஆகியவற்றை வாங்குகின்றனர். இவை வேண்டுவனவே. ஆயினும், பையைக் கட்டியதும் ஆயத்தம் முடிந்தது என்று எண்ணுதல் பெரும்பிழை. பையினும் முன்னதாகச் செம்மை செய்துகொள்ள வேண்டியது வழித்துணை. உடன் வருவோர் யாவர், அவர்தம் உடல்வலிமை எத்தகையது, இடர் நேர்ந்தால் யார் சொற்படி நடப்பது என்பனவற்றை அடிவாரத்தை அடையுமுன்னரே தெளிதல் வேண்டும்.

துணைவருள் முதல்வர், மலையை அறிந்தவர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இதனை நன்கு உணர்த்தும். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலில், செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்வரும் கூத்தர் கூட்டத்திற்கு மலைவழியின் இயல்பை எடுத்துரைக்கின்றான். பன்றிக்கு வைத்த பொறி எங்குளது, பாம்பு உறையும் இடம் யாது, தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல்லுக்குத் தப்புவது எங்ஙனம் என்றெல்லாம் அவன் கூறுகின்றான். சென்று வந்தவன் சொல்லைக் கேட்டபின்னரே கால் எடுத்து வைப்பது பழந்தமிழர் மரபு. மேலகிரியிலும் யானைகள் உலவுகின்றன. 2014-ஆம் ஆண்டு அமைந்த காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் அம்மலைகளைத் தன்னகத்தே கொண்டது. வனத்துறையின் இசைவும், அக்காட்டிலேயே வாழ்ந்து பழகியவரின் வழிகாட்டலும் இன்றி அதனுள் புகுதல் தகுமோ?

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நேர்ந்த துயரம் மறக்கற்பாலது அன்று. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயிற் சிக்கினர். கோடையில் உலர்ந்த புல் காற்றால் விரைந்து பற்றியெரிந்தது. புகையிடையே கூட்டம் சிதறியது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரைப் பழித்தல் அறமன்று. அவர்தம் சாவினின்று பாடம் கொள்ளாமையும் அறமன்று. பருவம் அறிதலும், இசைவு பெற்ற பாதையை விட்டு விலகாமையும், பிரிந்தால் கூடும் இடத்தை முன்னரே குறித்துக்கொள்ளுதலும் உயிர் காக்கும் ஆயத்தங்கள். அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் வகுத்தது. 2024-ஆம் ஆண்டில் 40 பாதைகளைத் தேர்ந்து, வழிகாட்டிகளின் துணையோடு மக்கள் செல்லவும் ஏற்பாடு செய்தது.

இரண்டாவது, குழுவின் நடை. வலியவன் முன்னே விரைந்து, மெலியவன் பின்னே தனித்து இளைத்து வரும் குழு, குழுவாகாது. யாவரினும் மெல்ல நடப்பவனின் நடையே அனைவர்க்கும் அளவாதல் வேண்டும். நாள் ஒன்றுக்குச் செல்லும் தொலைவையும் எடுக்கும் உணவையும் நீரையும் அவனை நினைந்தே வகுத்தல் வேண்டும்.

மூன்றாவது, மீளும் துணிவு. எவரெசுட்டுக் கொடுமுடியை 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் தென்சிங்கும் இல்லரியும் எட்டினர் என்பதை உலகம் அறியும். அதற்கு மூன்று நாள் முன்பு, அதே குழுவினரான போர்டிலன், எவான்சு என்னும் இருவர், உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே வரை சென்று, மேலும் செல்லின் உயிரோடு மீளல் அரிது எனக் கண்டு திரும்பினர். அவர்கள் கண்டுவந்த வழியும், விட்டுவந்த உயிர்வளிக் கலங்களும் பின்னவர்க்குப் பயன்பட்டன. திரும்பி வந்தவரைத் தோற்றவர் என்று யார் கூறவல்லார்?

தொழிற்சாலையில் ஒரு பொறியை இயக்குமுன், அருகில் நிற்போன் கை விலகியுளதா என்று நோக்குதல் உழைப்பாளர் நாள்தோறும் பயிலும் ஒழுக்கம். அதனை அவர்கள் வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டா. மலைக்கும் உடன்கொண்டு செல்க. எத்தனை பேர் ஏறினரோ, அத்தனை பேரும் இறங்கி வீடு சேர்வதே மலைப்பயணத்தின் நிறைவு என்பதை இளைஞர் உணர்வாராக.