நூறு பேர் வரவேற்புக்கு நாலு மணி நேரம் எதற்கு?

"ரிசப்ஷன் என்றால் ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரைக்குமாவது நடக்க வேண்டாமா?" கல்யாணப் பேச்சு தொடங்கிய வீடுகளில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. எண்ணூறு பேர் வரும் கல்யாணத்துக்கு அது நியாயம்தான். மேடையேறும் வரிசையே வாசல் வரை நிற்கும். ஆனால் நெருங்கிய சொந்தம், நண்பர்கள் என்று நூறு, நூற்றைம்பது பேரை மட்டும் அழைப்பவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். ஆளைக் குறைத்தவர்கள் நேரத்தைக் குறைக்க மட்டும் தயங்குகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு உடன்பாடில்லை.

மண்டபத்துக்கு முழு வாடகை கொடுத்திருக்கிறோமே என்பார்கள். அந்த வாடகை உறவினர் தங்கவும், சமையலுக்கும், மறுநாள் முகூர்த்தத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது. மேடையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்பதால் அதில் ஒரு ரூபாய் திரும்பி வரப்போவதில்லை. பரிமாறும் ஆட்களும் பாட்டுக் குழுவும் கூடுதலாக நின்றால் செலவுதான் ஏறும்.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. ஆபீஸ் முடிந்து, நெரிசலில் மாட்டி வருகிறவர்களுக்கு அவகாசம் வேண்டும் என்பது. கரிசனமான பேச்சுதான். ஆனால் நடப்பது என்ன? அழைப்பிதழில் "மாலை 6 மணி முதல்" என்று மட்டும் அச்சாகிறது. எப்போது முடியும் என்று இருப்பதில்லை. எப்போது போனாலும் நடந்துகொண்டிருக்கும் என்று விருந்தினர் தன் வசதிக்கு வருகிறார். ஆறு மணிக்கு வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் தாத்தா பாட்டிகள் மட்டும். ஏழு மணிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுத் தாம்பூலப் பையோடு கிளம்பும்போது எட்டு மணிக்காரர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள். நூற்றைம்பது பேர் வந்தும், எந்த நேரத்தில் பார்த்தாலும் கூடத்தில் நாற்பது பேர்கூடச் சேர்ந்து இருப்பதில்லை. பத்து வருஷமாகப் பார்க்காத சித்தி மகள் அதே மண்டபத்துக்கு வந்துபோனாள் என்று மறுநாள் போனில் தெரிந்துகொள்கிறோம். சின்னக் கல்யாணத்தை விரும்பியதே எல்லோரும் ஒன்றாக இருக்கத்தானே? ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணி வரை என்று தெளிவாகச் சொன்னால், ஆபீஸிலிருந்து வருகிறவரும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவார்.

எல்லோரும் மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ள நேரம் போதாது என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நூற்றைம்பது பேர் என்றால் ஏறத்தாழ நாற்பத்தைந்து குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை நிமிஷம் என்றாலும் ஒன்றே கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பந்தியும் அப்படியே. எழுபத்தைந்து பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டு, பரிமாறி, எடுத்துத் துடைக்க ஒரு பந்திக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். இரண்டு பந்தியில் எல்லோரும் சாப்பிட்டாகிவிடும். மேடையும் பந்தியும் ஒரே சமயத்தில் நடப்பவை. தாமதத்துக்கென்று அரை மணி சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்தில் அவசரமே இல்லாமல் முடியும். தோசையும் சூடாக இலைக்கு வரும், சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களும் நேரத்துக்குச் சாப்பிடுவார்கள்.

"சீக்கிரம் முடித்தால் சிக்கனம் பிடித்தார்கள் என்பார்களே!" இதுதான் உண்மையான பயம், மற்றவை எல்லாம் இதற்குப் போட்ட போர்வை. ஐந்து நாள் கல்யாணம் நம் குடும்பங்களில் ஒன்றரை நாளாகச் சுருங்கியது. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும் என்று ஆயிற்று. புரோகிதரோ நீண்ட சடங்கோ இல்லாமல் நடந்த அந்தக் கல்யாணங்களில் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடவில்லை. 2020-இல் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் நடந்த கல்யாணங்களும் கல்யாணங்கள்தான். வந்தவரைப் பெயர் சொல்லி வரவேற்று, பக்கத்தில் நின்று சாப்பிட வைத்தால், கடிகாரம் பார்த்துக் குறை சொல்பவர் யார்?

இத்தனை வாதத்திலும் மணமக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். பட்டுப்புடவையும் நகையும் தலை நிறையப் பூவுமாக நிற்கும் பெண், ஒன்பது மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவைக் கரைக்குள் கால் மாற்றி மாற்றி நிற்கிறாள். கோட்டுக்குள் வியர்த்தபடி மாப்பிள்ளை சிரிக்கிறார். கடைசி விருந்தினர் இறங்கிய பிறகு, பத்தரை மணிக்கு, ஆறிப்போன சாப்பாட்டின் முன்னால் இருவரும் உட்காருகிறார்கள். மறுநாள் ஆறு மணி முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார்கள்.

வெளியூரிலிருந்து வந்த உறவினர் எப்படியும் மண்டபத்தில் தங்கத்தான் போகிறார்கள். மைக்கை அணைத்த பிறகு அவர்கள் விடிய விடியப் பேசட்டும், அதற்கு மணமக்கள் மேடையில் நிற்க வேண்டியதில்லை. ஆகவே அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு வரியைத் திருத்துங்கள்: "மாலை 7 மணி முதல் 9 மணி வரை". அச்சிட்டதோடு நிற்காமல், ஏழு மணிக்கு மணமக்களை மேடையில் இருக்கச் செய்யுங்கள்.