பட்டா இல்லாத நிலத்தில் மண் அரித்தால்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. பயிர் போனதைப் பற்றி நிறையப் பேசினார்கள். மண் போனதைப் பற்றிப் பேச்சே இல்லை.

திண்டிவனம் பக்கம் செம்மண் மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவர்களிடம் கேளுங்கள். மேல்மண்ணில்தான் மக்கும் சத்தும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொடிமண்ணும் இருக்கின்றன. சரிவான கொல்லையில் வரப்பு இல்லையென்றால் அதுதான் முதலில் ஓடும். மிஞ்சுவது பருக்கைக்கல். அடுத்த பட்டத்தில் அதே விதை, அதே உரம் போட்டாலும், சில நாள் மழை தவறினால் செடி வாடிவிடும், காய் பிடிக்காது. ஒரு மழையில் போன மண் திரும்பச் சேர நம் ஆயுசு போதாது.

இந்தச் சரிவும் மேடும் யாருக்கு வாய்த்தன? ஏரிப் பாசன நஞ்சை பெரும்பாலும் ஊருக்கு, தரிசு காலனிக்கு. 1892இல் வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமும் பெரிதும் தரிசுதான். அதுவும் ஏராளமாகக் கைமாறிப்போனது. அதை மீட்கக் கேட்டுத்தான் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

பேரிடர் நிவாரண விதியில் மண்ணுக்கும் இடம் உண்டு. 2022–26 காலத்து விதிப்படி, வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் மேவினால் அள்ள ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஆறு திசைமாறி நிலமே போனால் 47,000 ரூபாய். ஆனால் நிலம் போனதற்குப் பணம் பெற வருவாய்த் துறைப் பதிவேட்டில் உரிமையாளர் என்று பெயர் இருக்க வேண்டும். குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்? சரிவுக் கொல்லையில் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதோ இந்த விதிக்குள்ளேயே வருவதில்லை.

ஓடிய மண் எங்கே போகிறது? ஏரிக்குத்தான். அந்த வண்டலை இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்கிறது அரசு. அதற்கும் நிலத்தின் ஆவணம் வேண்டும், டிராக்டர் வாடகை வேண்டும். ஆக, நம் மேட்டில் கரைந்த மண் அடுத்தவர் நஞ்சைக்கு உரமாகிறது. (இதை இயற்கையின் விதி என்பவர்களும் உண்டு.)

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். உழுகிறவர் பெயரைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் ஏற்ற வேண்டும். பட்டியல் சாதியினரின் நிலத்தில் வரப்பு போட 100 நாள் வேலைச் சட்டம் முன்னுரிமை தந்தது. எந்தப் பெயரில் வேலைத்திட்டம் நடந்தாலும் அந்த வரப்பை ஐப்பசி மழைக்கு முன் போட வேண்டும். வண்டலைக் காலனிக் கொல்லைகளுக்கு அரசு செலவில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.