கதை எழுத வரும் நம்மவர்களுக்கு

நம் சங்க மலருக்குக் கதை அனுப்பும் அன்பர்கள் பெருகியிருப்பதில் மகிழ்ச்சியே. ஆனால் கதைகள் பெரும்பாலும் மாம்பலத்திலோ கும்பகோணத்து அக்கிரகாரத்திலோ நடக்கின்றன. எழுதியவரோ லேக் மார்க்கெட் பக்கத்தில் முப்பது வருஷமாகக் குடியிருப்பவர்! இங்கே கதையே கிடையாதா?

டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் பாலங்களோடு காலம் தள்ளியவனுக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். பாலம் கட்டப் பழகுகிறவன் முதலில் ஏற்கெனவே நிற்கிற ஒரு பாலத்தை அளந்து பார்ப்பான். கதைக்கும் அதையே சொல்வேன்.

அளந்து பார்க்க ஏற்றவை இரண்டு. தாகூர் 1884-ல் எழுதிய 'காட்டேர் கதா'வில் கங்கைக் கரைப் படித்துறையே வாய் திறந்து, குஸும் என்ற இளம் விதவையைப் பற்றிப் பேசுகிறது. கடைசியில் அவள் அந்த நீரிலேயே மறைகிறாள். 1915-ல் வ.வே.சு. ஐயர் எழுதிய 'குளத்தங்கரை அரசமர'த்தில் பேசுவது மரம். ருக்மிணி குளத்தில் உயிரை விடுகிறாள். தமிழின் முதல் சிறுகதை என்று பலர் கொண்டாடும் கதைக்கு வங்காளத்துச் சாயல் உண்டு என்பதில் நமக்கு வெட்கம் வேண்டியதில்லை. சட்டம்தான் இரவல், சரக்கு சொந்தம். ருக்மிணியின் தகப்பனார் நொடித்துப் போவது எதனால்? 1906-ல் சென்னையில் முறிந்த அர்பத்நாட் கம்பெனியால். அன்றைய வாசகர் பலருக்குச் சுட்ட விஷயம் அது. பணம் போனதும் சம்பந்தி வீட்டார் முகம் மாறுவது, புருஷன் விளையாட்டாக இரண்டாம் கல்யாணத்துக்குத் தலையாட்டுவது எல்லாம் நம் வீடுகளில் நடந்தவை.

இன்னொன்றும் கவனியுங்கள். மரம் நகராது. தான் கண்டதும், காதில் விழுந்ததும்தான் அதற்குத் தெரியும். சொல்வது யார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்று தீர்மானித்துவிட்டால் புதிதாக எழுதுபவருக்குப் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நம் கதைகளில் சொல்பவர் ஒரே பாராவில் காளிகாட் அடுப்படியிலும் சென்னை ஆபீசிலும் இருக்கிறார். (ஐயரின் மரம் முடிவில் புத்திமதி சொல்கிறது. 1915-க்குச் சரி. நீங்கள் அதற்கு முன்பே நிறுத்திவிடலாம்.)

இந்த ஊரில் யார் பேசலாம்? ஹௌரா ஸ்டேஷன் பெரிய கடிகாரம் பேசட்டுமே. அதனடியில் மெட்ராஸ் மெயிலுக்குக் காத்திருந்த நம் குடும்பங்கள் எத்தனை! புது மருமகள், அப்பளக் கட்டோடு வரும் பாட்டி, ஃப்ளாட்டில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் அதே பாட்டி. அவள் ரயிலேறும் அந்த அரைமணி நேரம் போதும், நாலு பக்கம் வரும். பேரன் அவளிடம் பேசும் வங்காளம் கலந்த தமிழை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

அவசரம் இருக்கிறது. வேலை தேடி அந்தக் காலத்தில் இங்கு வந்து இறங்கிய தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் பெங்களூர், அமெரிக்கா என்று கிளம்பிவிட்டார்கள். நம் வாழ்க்கையை எழுத மெட்ராஸிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

தமிழ் எழுதக் கைவராத பிள்ளைகள் வாயால் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தால் நான் எழுதிக் கொடுக்கிறேன்.