செல்லப் பிராணிகளுக்கு நீர்த் தகனம்

பூனையும் நாயும் இன்று பல வீடுகளில் குடும்ப உறுப்பினர்களாகவே கருதப்படுகின்றன. மக்கள் அவற்றுக்குப் பெயர் சூட்டுகின்றனர். நோய் வந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்கின்றனர். எனினும், அவை இறந்தபின் உடலை என்ன செய்வது என்னும் கேள்விக்குப் பலரிடம் பதில் இல்லை. வீட்டைச் சுற்றி நிலம் இருந்த காலத்தில் மாமரத்தடியிலோ முருங்கை மரத்தடியிலோ குழி தோண்டிப் புதைத்தனர். ஜார்ஜ்டவுன் மாநகரில் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, செல்லப் பிராணியின் உடலைக் கறுப்பு நெகிழிப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடும் நிலைக்குச் சிலர் தள்ளப்படுகின்றனர்.

பினாங்குத் தீவில் சேரும் வீட்டுக் குப்பை, பத்து மாவுங் மாற்று நிலையத்தின் வழியாகச் செபராங் பிறையிலுள்ள பூலாவ் புரோங் குப்பை நிலத்திற்குக் கொண்டு செல்லப்படுகிறது. பத்தாண்டுகள் உடன் வாழ்ந்த உயிருக்கு அது தகுந்த விடையன்று. இந்நிலையில், ‘நீர்த் தகனம்’ என்னும் முறை பினாங்கு போன்ற நெருக்கமான நகரங்களுக்கு ஏற்ற வழியாக அமையும். ஆயினும், ‘பசுமை’ என்னும் சொல்லை மட்டும் நம்பி அதனை ஏற்கக்கூடாது. அம்முறையைத் தெளிவான விதிமுறைகளோடு நடைமுறைப்படுத்துவதே அறிவுடைமையாகும்.

‘தகனம்’ என்றால் எரித்தல் என்று பொருள். ஆனால், நீர்த் தகனத்தில் நெருப்புக்கு வேலை இல்லை. இறந்த பிராணியின் உடல் துருப்பிடிக்காத எஃகுக் கலனுக்குள் வைக்கப்படும். ஏறத்தாழ 95 விழுக்காடு நீரும் 5 விழுக்காடு காரமும் கலந்த கரைசல் அதில் நிரப்பப்படும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரமே இதற்குப் பயன்படுகிறது. கரைசலைச் சூடாக்கும்போது உடலின் மென்மையான பகுதிகள் அமினோ அமிலங்களாகவும் சவர்க்காரம் போன்ற உப்புகளாகவும் சிதைந்து நீரில் கரைகின்றன. கலனின் வெப்பநிலைக்கும் அழுத்தத்திற்கும் ஏற்ப இதற்குச் சில மணி நேரமோ ஏறத்தாழ ஒரு நாளோ பிடிக்கும். இறுதியில் எலும்புகள் மட்டுமே எஞ்சும். அவற்றை உலர்த்தித் தூளாக்கி உரிமையாளரிடம் ஒப்படைக்கின்றனர். மண்ணுக்குள் பல காலம் நடைபெறும் சிதைவையே இம்முறை விரைவாக நிகழ்த்துகிறது எனலாம்.

இது நேற்றுத் தோன்றிய முறையன்று. விலங்குகளின் எச்சங்களிலிருந்து உரம் தயாரிப்பதற்காக எமோஸ் ஹெர்பர்ட் ஹொப்சன் என்பவர் 1888-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1990-களில் அமெரிக்காவின் அல்பனி மருத்துவக் கல்லூரி, ஆய்வுக்கூட விலங்குகளின் உடல்களை அகற்ற இதனைப் பயன்படுத்தியது. தென்னாப்பிரிக்காவின் பேராயரும் 1984-ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான டெஸ்மண்ட் டுட்டு, 2021 டிசம்பரில் காலமானார். அவருடைய உடலும் நீர்த் தகனமே செய்யப்பட்டது. மிக எளிய சவப்பெட்டியே போதும் என்று கேட்டுக்கொண்டவர் அவர். மதிப்புமிக்க தலைவர் ஒருவருக்குப் பொருந்திய முறை, செல்லப் பிராணிக்கு மரியாதைக் குறைவாகிவிடாது. அண்டை நாடான சிங்கப்பூரிலும் செல்லப் பிராணிகளுக்கு இச்சேவை வழங்கப்படுகிறது.

மற்ற முறைகளோடு ஒப்பிட்டால் இதன் நன்மை தெளிவாகும். எரியூட்டும் உலையின் வெப்பம் 800 பாகை செல்சியசையும் தாண்டும். அதற்கு எரிவாயு போன்ற எரிபொருள் தேவை. கரியமில வாயுவும் வெளியேறும். நீர்த் தகனத்திற்கு 150 பாகை அல்லது அதற்கும் குறைவான வெப்பமே போதும், புகையும் எழுவதில்லை. புதைப்பது எளிய வழிதான். ஆனால், அதற்குப் போதிய நிலம் வேண்டும். மேலும், தீராத நோயால் துன்புறும் பிராணிக்கு வலியின்றி உயிர் பிரிய ‘பெண்டோபார்பிட்டால்’ என்னும் மருந்தைக் கால்நடை மருத்துவர்கள் செலுத்துவதுண்டு. ஆழமின்றிப் புதைக்கப்பட்ட அத்தகைய உடலைத் தோண்டித் தின்னும் விலங்குகளும் பறவைகளும் அந்த மருந்தால் மடியக்கூடும். வெப்பமும் காரமும் சேரும்போது அம்மருந்து சிதைந்துவிடுகிறது.

இம்முறைக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “ஆசையாக வளர்த்த உயிரைக் கரைத்துச் சாக்கடையில் விடுவதா?” என்பது பலரின் மனக்குறை. இந்த உணர்வை ஏளனம் செய்யலாகாது. எனினும், எந்த முறையிலும் உடலின் பெரும்பகுதி இயற்கையோடுதான் கலக்கிறது. எரித்தால் காற்றில் கலக்கிறது; புதைத்தால் மண்ணில் கலக்கிறது; இம்முறையில் நீரில் கலக்கிறது. மிஞ்சும் எலும்புத் தூளை வீட்டில் வைப்பதும் செடிக்கு அடியில் இடுவதும் உரிமையாளரின் விருப்பம்.

நீர்ப் பயன்பாடு மற்றொரு கேள்வி. பினாங்கு, தன் நீர்த் தேவையில் பெரும்பகுதிக்குச் சுங்கை மூடா என்னும் ஒரே ஆற்றை நம்பியிருக்கிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகள் மாற்றப்பட்டபோது, மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களிலும் மக்கள் நீர்த்தடையை எதிர்கொண்டனர். அத்தகைய மாநிலத்தில் நீரைக் கொண்டு தகனம் செய்வது முறையா என்று கேட்பது நியாயமே. ஆனால், பூனையோ நாயோ வாழ்நாளில் ஒரு முறைதான் இறக்கிறது. பினாங்கில் ஒருவர் வீட்டில் பயன்படுத்தும் நீரின் அளவோ நாளொன்றுக்குச் சராசரியாக 250 லிட்டரைத் தாண்டுகிறது. நீரைச் சேமிக்க விரும்புவோர் முதலில் அன்றாடப் பழக்கத்தைத் திருத்துவதே பொருத்தமாகும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது, தகனத்திற்குப் பின் வெளியேறும் நீரே. அதில் காரத்தன்மையும் கரிமப் பொருள்களும் மிகுதி. அதனை நேரே கால்வாயில் விட்டால் அது சுங்கை பினாங்கு போன்ற ஆறுகளுக்கும், அவற்றின் வழியே கடலுக்கும் கேடு விளைவிக்கும். ஆகவே, காரத்தன்மையைக் குறைத்த பிறகே அந்நீரைக் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும். அது ஜெலுத்தோங்கில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைவதையும் உறுதிசெய்ய வேண்டும். கலனைச் சூடாக்கும் மின்சாரத்தையும் மறந்துவிடக்கூடாது. மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் எரிவாயுவாலும் உற்பத்தியாகிறது. எனவே, ‘முற்றிலும் தூய்மையானது’ என்று விளம்பரப்படுத்துவது பொருந்தாது. ‘எரிப்பதைவிடக் கேடு குறைந்தது’ என்பதே நேர்மையான கூற்று.

இந்த நேர்மை சேவை வழங்குவோருக்கும் வேண்டும். பிராணி தனியாகத் தகனம் செய்யப்படுமா, பல உடல்களோடு சேர்த்தா, எலும்புத் தூள் திருப்பித் தரப்படுமா, கட்டணம் எவ்வளவு ஆகிய விவரங்களை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். துயரத்தில் இருப்பவர் விலை பேசும் மனநிலையில் இருக்கமாட்டார். அந்நிலையைப் பயன்படுத்தி விலையுயர்ந்த பேழைகளை அவர் தலையில் கட்டுவது அறமாகாது. மாநகர் மன்றம், கால்நடை மருத்துவர்களுடன் கைகோத்து, வசதி குறைந்தோரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சேவை ஒன்றை உருவாக்கலாம். நெகிழிப் பைக்கு எதிரான இயக்கத்தை 2009-ஆம் ஆண்டிலேயே தொடங்கி, நாட்டுக்கு முன்னோடியாகத் திகழ்ந்த மாநிலம் பினாங்கு. இத்துறையிலும் அதனால் வழிகாட்ட முடியும்.

விலங்குக்கு இறுதி மரியாதை செய்வது மேலைநாட்டு நாகரிகம் என்று சிலர் எண்ணுகின்றனர். தமிழர் வரலாறு அதற்கு மாறான சான்றைத் தருகிறது. தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த நடுகல் ஒன்று நிற்கிறது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன். நாய்க்கும் பெயர் பொறித்து நன்றி செலுத்திய சமுதாயம், அதனை வெறும் கழிவாகக் கருதவில்லை.

கோவிவனுக்குக் கிடைத்தது ஆடம்பரமன்று, நன்றியுணர்வு. இன்றைய செல்லப் பிராணிகளுக்கும் அதுவே போதும். உயிரோடு இருக்கும்போது உணவும் தடுப்பூசியும் கருத்தடைச் சிகிச்சையும் அளித்து, முதுமையில் தெருவில் விடாமல் காப்பதே முதல் கடமை. அக்கடமையைச் செய்யாதவர் நடத்தும் இறுதிச் சடங்கு, எத்துணை பசுமையானதாக இருந்தாலும் வெறும் சடங்கே. அதனைச் செய்தவருக்கோ, தம் பிராணியைக் குப்பைத் தொட்டியில் போடும் நிலை ஏற்படக்கூடாது. நிலமில்லாத ஏழைக் குடும்பமும் தன் பூனைக்குக் கௌரவமாக விடை கொடுக்கும் வாய்ப்பை, நீர்த் தகனத்தின் வழி ஜார்ஜ்டவுன் ஏற்படுத்தித் தர வேண்டும்.